மழையில் நின்ற வெற்றி

விளையாட்டுக்களின் வரலாறு பெரும்பாலும் அட்டவணைகளாகவே எழுதப்படுகின்றது. ஆண்டு, இடம், வென்றவர் பெயர், பெற்ற புள்ளி என்னும் நான்கு நிரல்களில் ஒரு காலம் அடங்கிவிடுகின்றது. தென்னாபிரிக்காவின் தொழில்முறைக் கொல்ப் ஆட்டச் சுற்று 1971 இல் தோன்றியதென இவ்வகை ஏடுகள் கூறும். பின்னர் 'சன்ஷைன் சுற்று' எனப் பெயர் பெற்றது இதுவே. ஆனால், ஆடி வென்றவரைக் கூறும் அட்டவணை, ஆடவிடாது தடுக்கப்பட்டவரைக் கூறுவதில்லை. ஆகவே 1971 க்கு முற்பட்ட சில ஆண்டுகளை நாம் திரும்பிப் பார்த்தல் வேண்டும்.

1860 நவம்பர் 16 ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட 'துரூரோ' என்னும் கப்பல் நேட்டாலின் டர்பன் துறையை அடைந்தது. கரும்புத் தோட்டங்களுக்கென ஒப்பந்தக் கூலிகளாக அழைத்துச் செல்லப்பட்ட இந்தியர்கள் அதில் இருந்தனர். அவருள் தமிழரும் பலர். 1911 வரை இவ்வாறு சென்றோர் ஏறத்தாழ 1 இலட்சத்து 52 ஆயிரம் பேராவர். நம் மலைநாட்டுத் தோட்டங்களை உருவாக்கிய மக்களின் கதையை அறிந்த நமக்கு இக்கதை புதிதன்று.

அந்த நேட்டால் இந்தியரின் வழித்தோன்றல்களுள் ஒருவரே 'பப்வா' என அழைக்கப்பட்ட செவ்சங்கர் செவ்கோலும். வெள்ளையர் ஆடிய கொல்ப் திடலில் அவர்தம் மட்டைப் பையைச் சுமந்து சென்று பிழைத்த ஏழைச் சிறுவன் அவர். ஆட்டத்தைக் கற்பிக்க ஆசிரியர் இல்லை. கண்ணால் கண்டதையே கையால் பழகினார். வலக்கை ஆட்டக்காரர் எவரும் மட்டையின் பிடியில் வலக்கையை இடக்கைக்குக் கீழே வைப்பர். செவ்கோலுமோ இடக்கையைக் கீழே வைத்துப் பிடித்தார். நூல்கள் பிழையென்று கூறிய அப்பிடியாலேயே அவர் உலகை வென்றார்.

1948 இல் ஆட்சிக்கு வந்த தேசியக் கட்சி இனஒதுக்கலை அரசின் கொள்கையாக்கியது. 1950 இன் குழுப் பிரதேசச் சட்டம் எந்த இனத்தவர் எங்கே வாழலாம் என்று வரையறுத்தது. வெள்ளையரும் ஏனையோரும் விளையாட்டைத் தனித்தனியே அமைத்துக்கொள்ளவேண்டும் என 1956 இல் அமைச்சர் டொங்கஸ் அறிவித்தார். நாட்டின் நல்ல திடல்களும் பெரும்பரிசுகளும் வெள்ளையர் பக்கமே இருந்தன.

தாய்நாடு மூடிய கதவை அயல்நாடு திறந்தது. தாம் பை சுமந்த வெள்ளையர் ஒருவரின் உதவியுடன் ஐரோப்பா சென்ற செவ்கோலும், 1959 இல் ஒல்லாந்தின் பகிரங்கச் சுற்றுப்போட்டியை வென்றார். 1960 இலும், மீண்டும் 1964 இலும் அதே வெற்றியை ஈட்டினார். முதல் வெற்றிகளுக்குப் பின்னரே, சிறப்பு அனுமதியின் பேரில், சொந்த நாட்டின் போட்டிகள் சிலவற்றில் அவர் ஆட இடங்கொடுக்கப்பட்டது. 'பகிரங்கப் போட்டி' என்றால் எவர்க்கும் திறந்த போட்டி என்பது பொருள். பிறந்த மண்ணிலேயே அனுமதிப்பத்திரம் பெற்று நுழையவேண்டிய போட்டி எவ்வாறு பகிரங்கமாகும்?

1963 ஜனவரியில் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நேட்டால் பகிரங்கச் சுற்றுப்போட்டி நடைபெற்றது. கொல்ப் ஆட்டத்தில் நடுவரின் தயவுக்கு இடம் குறைவு. குறைந்த அடிகளில் பந்தைக் குழிகளிற் சேர்த்தவரே வென்றவர். எண்ணிக்கை தோலின் நிறத்தைப் பார்ப்பதில்லை. அந்த எண்ணிக்கையின்படி செவ்கோலும் வென்றார். ஆயினும், கழக மாளிகையினுள் இந்தியர் ஒருவர் விருந்தினராக நுழைதல் முறையன்று! மழை பெய்துகொண்டிருந்தது. வெள்ளையர் உள்ளே நிற்க, வென்றவர் வெளியே நின்று வெற்றிக் கிண்ணத்தைப் பெற்றார். அந்நிகழ்ச்சியின் நிழற்படம் உலகப் பத்திரிகைகளிற் பரவியது. இனஒதுக்கலை விளக்க அதனினும் தெளிவான பாடநூல் வேண்டுவதில்லை.

அதே ஆண்டு பிரித்தானியப் பகிரங்கப் போட்டியில் அவர் பதின்மூன்றாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். 1965 இல் நேட்டால் போட்டியை இரண்டாம் முறையும் வென்றார். இம்முறை அவர் பின்தள்ளியவர் கேரி பிளேயர். அதே ஆண்டில் ஐக்கிய அமெரிக்கப் போட்டியையும் வென்று, நான்கு பெரும் போட்டிகளிலும் வாகைசூடிய வீரர் என்னும் புகழை எய்தியவர் இவர்.

தோல்வியை மன்னித்த ஆட்சி வெற்றியை மன்னிக்கவில்லை. 1965 பெப்ருவரியில் வெளியான பிரகடனம் ஒன்று, பொது விளையாட்டரங்குகளில் இனங்கள் கலப்பதை அனுமதிப்பத்திரத்துக்கு உட்படுத்தியது. 1966 இலிருந்து செவ்கோலுமுக்கு வெள்ளையர் போட்டிகளில் ஆடும் உரிமை மறுக்கப்பட்டது. அவரது கடவுச்சீட்டும் பறிக்கப்பட்டது. நாட்டினுள் ஆட முடியாது. நாட்டைவிட்டுச் சென்று ஆடவும் முடியாது. ஒரு கலைஞனின் கைகளை வெட்டாமலே முடமாக்கும் வழி இது.

அப்படியாயின் 1971 இல் சுற்று தொடங்கியபோது பல இனத்தவர்க்கும் சிறிது வழி திறந்தது எதனால்? ஆட்சியாளரின் மனம் இளகியதாலா? தென்னாபிரிக்கா 1964 இல் ஒலிம்பிக் போட்டியினின்று விலக்கப்பட்டது. 1970 இல் ஒலிம்பிக் இயக்கத்தினின்றே வெளியேற்றப்பட்டது. அந்த நெருக்குதலின் பின்னணியிலேயே, 1971 நவம்பரில் கேரி பிளேயரின் அழைப்பை ஏற்று, அமெரிக்கக் கறுப்பினத்தவரான லீ எல்டர் ஜொகன்னஸ்பேர்க்கில் ஆடினார். பிளேயரும் 1966 இல் தமது நூலில் இனஒதுக்கலுக்குச் சார்பாக எழுதியவர். பிற்காலத்தில் அந்நிலையைக் கைவிட்டவர். மனிதர் மாறுவதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அம்மாற்றத்துக்கு வழியமைத்தது உலக மக்களின் எதிர்ப்பே என்பதை மறத்தலும் ஆகாது. 1976 இல் வின்சென்ட் சபலாலா என்னும் ஆபிரிக்கர் பிரெஞ்சுப் பகிரங்கப் போட்டியை வென்றமை, ஒதுக்கப்பட்டவரிடையே திறமைக்குப் பஞ்சம் இருந்ததில்லை என்பதற்கு மற்றொரு சான்று.

செவ்கோலும் 1978 இல், ஐம்பது வயதை எட்டுமுன்பே, வறிய நிலையில் மறைந்தார். இன்று டர்பனில் ஒரு கொல்ப் திடல் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அது நன்றே. எனினும், தடுக்கப்பட்ட ஆண்டுகளில் அவர் ஆடியிருக்கக்கூடிய ஆட்டங்களை எந்தத் திடலும் மீட்டுத் தர இயலாது.

ஆகவே, வகுப்பறையில் வரலாறு கற்பிப்போரும் கற்போரும் ஓர் அட்டவணையைக் காணும்போது, 'வென்றவர் யார்?' என்று கேட்பதோடு நின்றுவிடலாகாது. 'ஆட்டத்தில் இறங்க யாருக்கு உரிமை இருந்தது? வாயிலில் யார் நிறுத்தப்பட்டார்?' என்றும் கேட்டல் வேண்டும். வரலாறு மாளிகையின் உள்ளே மட்டும் நிகழ்வதன்று; வெளியே, மழையில் நின்றவரிடத்திலும் அது நிகழ்கின்றது.