அக்ரஹாரச் சுவரும் அச்சுப் படமும்

தாளில் கறுப்பு மையை வழியவிட்டும் தெளித்தும் வரைந்த அரூப ஓவியத்தைப் படமெடுத்து, அலுமினியத் தகட்டில் அச்சிட்டு, சோபாவுக்கு மேலே மாட்டுவது இப்போதைய வழக்கம். ஓவியம் தெரிந்தவர்கள் இதைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். அது நகல், அதுவும் தகட்டில், அதுவும் சாமியோ மனிதரோ இல்லாத வெறும் கறை என்பது அவர்கள் வழக்கு. மைசூர் அரண்மனையிலிருந்து நடந்துபோகும் தொலைவில் இருக்கும் அக்ரஹாரம் போன்ற பழைய பேட்டைகளை வைத்துப் பார்த்தால் இந்த வழக்கு நிற்காது. அங்கே சாமானியர் வீட்டுச் சுவருக்குப் படம் வந்ததே நகலாகத்தான். தகட்டுப் படத்திலும் குறை உண்டு, ஆனால் அது இவர்கள் சுட்டும் இடத்தில் இல்லை.

மூலம் என்று நாம் கொண்டாடும் மைசூர் பாணி ஓவியத்திலிருந்தே தொடங்கலாம். புளியங்குச்சியை இரும்புக் குழலில் இட்டுச் சுட்ட கரியால் முதல் கோடு போடுவார்கள். அணில் முடித் தூரிகையால் வண்ணம் தீட்டுவார்கள். ஈயவெள்ளைப் பொடியையும் ரேவல்சின்னிப் பாலையும் பசையோடு குழைத்து நகைக்கும் தூணுக்கும் மெல்லிய மேடு எழுப்பி, அதன்மேல் தங்க ரேக்கை ஒட்டித் தேய்ப்பார்கள். கைவேலை இவ்வளவு நுட்பம். ஆனால் உருவம் ஓவியரின் கற்பனை அல்ல. மும்மடி கிருஷ்ணராஜ உடையார் (1794–1868) தொகுப்பித்த ‘ஸ்ரீதத்துவநிதி’ போன்ற ஏடுகள் எந்தத் தெய்வத்துக்கு எத்தனை கை, எந்த ஆயுதம், என்ன நிறம் என்று வகுத்து வைத்தன. ஒரு பட்டாபிஷேகத்தைப் பார்த்து இன்னொரு பட்டாபிஷேகம் எழுதுவதே தொழில். அதை யாரும் திருட்டு என்று சொன்னதில்லை.

அடுத்து வந்தது ரவிவர்மா. சாமராஜேந்திர உடையார் அவரை 1885இல் மைசூருக்கு அழைத்தார். நால்வடி கிருஷ்ணராஜ உடையாருக்காக அவர் தீட்டிய புராணப் படங்கள் இன்று ஜகன்மோகன் அரண்மனையில் இருக்கின்றன. அக்ரஹாரத்துக் குடும்பம் ஒன்று தன் கூடத்தில் மாட்டியது அவற்றை அல்ல, எண்ணெய் அச்சுப் படத்தை. ஓவியங்களை அச்சில் பரப்பலாம் என்று ரவிவர்மாவுக்கு யோசனை சொன்னவர் கும்பகோணத்தில் பிறந்த திவான் டி. மாதவராவ். 1894இல் பம்பாயில் அச்சகம் எழுந்தது. நிறத்துக்கு ஒரு கல்லாகப் பல கற்களில் மாற்றி மாற்றி அச்சிட்டு, மேலே வார்னிஷ் பூசிய படங்கள் ஊர் ஊராகப் போயின. வாங்கியவர்களும் அதை அப்படியே விட்டுவிடவில்லை. லட்சுமியின் புடவைக்கு நிஜப் பட்டுத்துணி, கரைக்கு ஜரிகை, கழுத்துக்கு ஜிகினாப் பொட்டு என்று ஒட்டி அழகு பார்த்தார்கள். அச்சு வந்ததால் கை ஓய்ந்துபோகவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

தகடு என்ற ஏளனத்துக்கும் வரலாற்றில் ஆதாரம் இல்லை. நாம் அறிந்த காலண்டர் படமே தகர அச்சின் வாரிசு. கெட்டியான தகரத்தில் கல்லிலிருந்து நேரே அச்சு விழாது என்பதால், மையை முதலில் இடையில் ஓர் உருளைக்கு ஏற்றி அங்கிருந்து தகரத்துக்கு இறக்கும் முறைக்கு 1875இல் இங்கிலாந்தில் ராபர்ட் பார்க்லே காப்புரிமை பெற்றார். தாளுக்கு அந்த முறை வந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். பின்னாளில் சிவகாசி பிழைத்தது ஆஃப்செட் எனப்படும் அந்த முறையை நம்பித்தான். இன்றைய தகட்டுப் படத்தில் மை ஏறும் விதம் வேறு: வெள்ளைப் பூச்சிட்ட அலுமினியத்தின்மேல் அச்சுத்தாளைக் கவிழ்த்து ஏறக்குறைய 200 டிகிரி சூட்டில் அழுத்தினால், சாயம் ஆவியாகிப் பூச்சுக்குள் இறங்கிவிடும்.

சாமி இல்லாத கோடு நம் வீட்டுக்கு அந்நியம் என்பார்கள். பூஜை அறையில் செப்புத் தகட்டில் கீறிய யந்திரம் பின் என்ன? முக்கோணமும் வட்டமும் எழுத்துமாக, முகமே இல்லாத படம் அது. யந்திரம் அலங்காரப் பொருள் அல்ல, வழிபாட்டுக்கு உரியது என்ற மறுப்பு சரியானதே. நான் சொல்ல வருவது அது அல்ல, உருவமற்ற கோட்டை உலோகத்தில் பார்த்துப் பழகிய கண் இது என்பதுதான். சென்னையில் கே.சி.எஸ். பணிக்கர் 1960களில் ஜாதகக் கட்டங்களையும் மலையாள எழுத்துகளையும் வைத்து ‘சொற்களும் குறிகளும்’ வரிசையை வரைந்தபோது கைவைத்ததும் இந்தப் பழக்கத்தின்மீதே.

நகல் பெருகினால் ஓவியர் பிழைப்பு போகும் என்பது இன்னும் கனமான ஆட்சேபம். அரண்மனையை நம்பியிருந்த மைசூர் ஓவியர்களை அச்சு பாதித்திருக்கும் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அதே அச்சுதான் கோவில்பட்டியில் காலண்டர் ஓவியர் கொண்டையராஜுவையும் (1898–1976) அவருடைய சீடர்களையும் வாழவைத்தது. காலண்டர் இல்லாவிட்டால் அவர்களுக்கு நாடகத் திரைதான் மிஞ்சியிருக்கும். எனவே அச்சு ஓவியரைக் கொல்கிறதா என்பதைவிட, யாருக்குக் கூலி போகிறது, யாருடைய பெயர் நிற்கிறது என்று கேட்பதே பொருத்தம்.

உண்மையான குறை அங்கேதான். ஜகன்மோகன் அரண்மனைக்குப் போகிறவர்கள் தவறாமல் நின்று பார்க்கும் படம், கையால் விளக்கை மறைத்து நிற்கும் பெண். எஸ்.எல். ஹல்தங்கர் 1940களில் தீட்டிய நீர்வண்ண ஓவியம் அது. அதன் நகல் எத்தனையோ வீடுகளில் தொங்குகிறது. ஆனால் அதை ரவிவர்மா படம் என்று சொல்கிறவர்களே அதிகம். பழைய மைசூர் ஓவியர்களும் கையெழுத்திடவில்லையே என்று கேட்கலாம். அவர்களுக்கு அது தேவைப்படவில்லை. படம் சொல்லிவைத்தவர் ஓவியரை நேரில் அறிவார், கூலியை அவர் கையில் கொடுப்பார். ரவிவர்மா அச்சகம் படத்தின் அடியில் தலைப்பையும் அச்சகப் பெயரையும் போட்டது. இன்று தகட்டுப் படம் வாங்குகிறவர் சுவரின் அளவைச் சொல்கிறார், சோபாவின் நிறத்தைச் சொல்கிறார். மையை வழியவிட்டவர் யார் என்று அவரும் கேட்பதில்லை, கடைக்காரரும் சொல்வதில்லை.