குப்பாயமும் தோள்சீலையும்

தோழர்களே, தோள்சீலைப் போராட்டத்தை மார்பை மறைக்கும் உரிமைக்கான போராட்டம் என்று ஒரே வரியில் சொல்லிப் பழகிவிட்டோம். திருவிதாங்கூர் அரசின் ஆணைகளை வரிசையாக வைத்துப் படித்தால், சண்டை அதற்கும் அப்பால் போனது தெரியும்.

அன்று பெண்களின் உடலில் இரண்டு துணிகள் பேசப்பட்டன. ஒன்று குப்பாயம், தைத்த சட்டை. மற்றொன்று தோள்சீலை, தோள்மீது போடும் மேல்துணி. 1814-இல், கர்னல் மன்றோ ரெசிடெண்டாக இருந்தபோது, கிறித்தவ நாடார் பெண்கள் குப்பாயம் அணிய அனுமதி கிடைத்தது. மேல்சாதிப் பெண்களைப் போலத் தோள்சீலை போடுவது தடுக்கப்பட்டது. பெண்கள் குப்பாயத்தின் மேல் தோள்சீலையும் போட்டார்கள். சந்தையிலும் தெருவிலும் அது கிழிக்கப்பட்டது. 1829 பிப்ரவரி 3 ஆணையும் பழைய கோட்டையே மறுபடி கிழித்தது: குப்பாயம் சரி, தோள்சீலை கூடாது.

மறைப்பதுதான் பிரச்சினை என்றால் குப்பாயத்தோடு சண்டை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ஏனென்றால் குப்பாயம் உடலை மறைத்தது, தோள்சீலை சாதியைக் காட்டியது. பார்த்த மாத்திரத்தில் இவள் யார் என்று தெரிய வேண்டும் என்பதே சாதியின் தேவை. அந்த அடையாளத்தைத்தான் பெண்கள் குழப்பினார்கள்.

1858 இறுதியில் கலவரம் மீண்டும் மூண்டது. சென்னை கவர்னர் சார்லஸ் டிரெவெல்யன் நெருக்கியபின், 1859 ஜூலை 26-இல் உத்திரம் திருநாள் மகாராஜா அறிவித்தார்: எல்லா நாடார் பெண்களும் குப்பாயம் அணியலாம், முக்குவர் பெண்களைப் போல முரட்டுத் துணி சுற்றலாம், மேல்சாதிப் பெண்கள் பாணியில் மட்டும் கூடாது. வெற்றி என்று நாம் கொண்டாடும் ஆணையிலும் அந்த ‘மட்டும்’ இருக்கிறது.

புலையர் பெண்களுக்கோ இன்னும் அரை நூற்றாண்டு காத்திருப்பு. கல்லுமாலைதான் அவர்கள் கழுத்தில் கிடந்த சாதி அடையாளம். 1915-இல் கொல்லத்தில் அய்யன்காளி அழைத்த கூட்டத்தில் அவர்கள் அதை அறுத்து எறிந்தார்கள்.

இந்த வரலாறு 2019-இல் என்.சி.இ.ஆர்.டி.யின் ஒன்பதாம் வகுப்புப் பாடநூலிலிருந்து நீக்கப்பட்டது. மாணவர்களே, இனி இதை நாம்தான் சொல்ல வேண்டும், முழுதாகச் சொல்ல வேண்டும். எந்த உரிமை ஆணையைப் படித்தாலும், எதைக் கொடுத்தார்கள் என்பதோடு எதைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டார்கள், யாரை வரிசையின் கடைசியில் நிறுத்தினார்கள் என்றும் கேளுங்கள்.