இடியேந்திய இருவர்: இந்திரனும் பாகாலும்

காலம் தெரிந்த ஆவணங்களில் இந்திரனின் பெயர் முதலில் வருவது இந்தியாவில் இல்லை. இன்றைய துருக்கியிலுள்ள பொகாஸ்கோயில், ஹிட்டைட் பேரரசின் பழைய தலைநகரைத் தோண்டியபோது கிடைத்த களிமண் பலகைகளில் அது இருக்கிறது. கி.மு. 14ஆம் நூற்றாண்டில் ஹிட்டைட் பேரரசன் சுப்பிலுலியுமா, மித்தானி அரசன் சத்திவாசாவோடு செய்துகொண்ட உடன்படிக்கையைச் சொல்லும் பலகைகள் அவை. சாட்சிக்கு அழைக்கப்பட்ட தெய்வங்களின் நீண்ட வரிசையில் மித்திரன், வருணன், நாசத்தியர் ஆகியோருடன் இந்திரனும் நிற்கிறான். அதே சுப்பிலுலியுமாவுக்குக் கப்பம் கட்டிய சிற்றரசுகளில் ஒன்று, சிரியக் கடற்கரையிலிருந்த உகாரித். அந்நகரத்தின் பெருந்தெய்வம் பாகால். பழைய ஏற்பாட்டைத் தமிழில் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமானது. எலியா தீர்க்கதரிசி எதிர்த்து நின்ற அதே பாகால்தான்.

இரண்டு இடித்தெய்வங்களும் ஒரே பேரரசனின் காலத்தில், ஒரே அரசியல் வட்டத்துக்குள் வணங்கப்பட்டார்கள் என்பதை வைத்து ஒருவரிடமிருந்து மற்றவர் பிறந்தார் என்று சொல்லக் கூடாது. பாகால் செமித்திய மொழி பேசியவர்களின் கடவுள். இந்திரன் இந்தோ ஆரிய மொழி பேசியவர்களின் கடவுள். இருவரையும் அருகருகே வைத்துப் படிப்பதன் பயன் வேறு. தண்ணீர் எங்கிருந்து வரும், எங்கே நின்றுபோகும் என்று அந்தந்த மக்களுக்கு இருந்த பயம்தான் இவர்களுடைய போர்க்கதைகளை வடித்தது என்பது என் துணிபு. அதை இந்த ஒப்பீடு தெளிவாகக் காட்டுகிறது.

இந்திரனைப் பற்றி நமக்குக் கிடைத்தது வாய்மொழிச் செல்வம். ரிக் வேதத்தின் 1,028 பாடல்களில் ஏறத்தாழ 250 அவனைப் பாடுபவை. பாகாலின் கதையோ மூவாயிரம் ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்தது. 1928இல் லதாக்கியாவுக்கு அருகே ஓர் உழவர் உழுதபோது கலப்பை ஒரு கல்லறையின் மூடுகல்லில் இடித்தது. மறு ஆண்டு பிரெஞ்சுத் தொல்லியலாளர் குளோட் ஷேபர் அகழாய்வைத் தொடங்கினார். ராஸ் ஷம்ரா மேட்டிலிருந்து உகாரித் வெளிப்பட்டது. அங்கே கிடைத்த பலகைகள் 30 எழுத்துகள் கொண்ட ஓர் ஆப்பெழுத்தில் இருந்தன. ஓராண்டு அளவிலேயே அறிஞர்கள் அதைப் படித்துவிட்டார்கள். பாகால் காவியம் ஆறு பலகைகளில், பல இடங்களில் உடைந்த நிலையில் இருக்கிறது. எழுதிய எழுத்தரின் பெயரும் கிடைத்திருக்கிறது: இலிமில்கு.

இரண்டு கதைகளிலும் ஆயுதம் கடவுளின் சொந்தக் கைவேலையாக இல்லை. இந்திரனுக்கு வச்சிராயுதத்தைச் செய்து கொடுத்தவன் தேவதச்சன் துவஷ்டா. ததீசி முனிவரின் முதுகெலும்பில் அது செய்யப்பட்டது என்று நாம் கேட்டு வளர்ந்த கதை பிற்காலத்தில் விரிந்தது. பாகாலுக்கு ஆயுதம் தந்தவன் கோத்தர் என்ற தெய்வக் கம்மியன். அவன் இரண்டு தடிகளைச் செய்து, இரண்டுக்கும் பெயர் சூட்டி, என்ன செய்ய வேண்டும் என்று அவற்றுக்கே ஆணையிடுகிறான். முதல் தடி எதிரியின் தோளில் விழுகிறது, எதிரி அசையவில்லை. இரண்டாவது தடி நெற்றியில், கண்களுக்கு நடுவே விழுகிறது, எதிரி சாய்கிறான். பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் உகாரித்தின் சுண்ணக்கல் சிற்பம் ஒன்று இருக்கிறது. 142 சென்டிமீட்டர் உயரம். பாகால் வலக்கையில் தடியை ஓங்கியிருக்கிறான். இடக்கையில் அவன் தரையில் ஊன்றியிருக்கும் ஈட்டியின் மேல்முனை செடியாகத் தழைத்திருக்கிறது. இடியும் பயிரும் ஒரே உருவத்தில். இத்தனை சுருக்கமாக மழையைச் சொன்ன சிற்பத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஆனால் எதிரி யார் என்று கேட்டதும் இருவரும் பிரிந்துவிடுகிறார்கள்.

பாகாலின் முதல் எதிரி யம்மு. கடல். தேவர்களின் சபைக்கு யம்மு தூதர்களை அனுப்பி, பாகாலைத் தனக்கு அடிமையாகத் தரும்படி கேட்கிறான். முதிய தெய்வமான ஏல் அதற்கு இணங்கியும் விடுகிறான். உகாரித் ஒரு துறைமுக அரசு. சைப்பிரசுக்கும் எகிப்துக்கும் போய்வந்த கப்பல்களால் வாழ்ந்த ஊர். அங்கே பாகால் கோயிலின் இடிபாடுகளில் கல் நங்கூரங்கள் கிடைத்திருக்கின்றன. கடலோடிகள் காணிக்கையாக வைத்தவை அவை. அந்தக் கோயிலிலிருந்து வடக்கே தெரியும் மலை ஜபல் அக்ரா. ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்துக்குக் கடலோரத்திலேயே எழுந்து நிற்கிறது. அவர்கள் அதைச் சபோன் என்றார்கள். பாகாலின் இருப்பிடம் என்றார்கள். அக்கரையில் மழை குளிர்காலத்து மழை. மேற்கே, கடலின் மேலிருந்துதான் மேகம் வர வேண்டும். கப்பலைக் கவிழ்க்கிற திசையும் வயலை நனைக்கிற திசையும் ஒன்றே. கடலை அடக்கியவன்தான் மேகத்தின் மேல் ஏறி வர முடியும் என்று அவர்கள் கருதியதில் வியப்பில்லை.

இந்திரனின் எதிரியான விருத்திரன் மலைமேல் கிடக்கும் பாம்பு. தண்ணீரை அணைத்துக்கொண்டு கிடக்கிறான். முதல் மண்டலத்தின் 32ஆம் பாடல் இந்தப் போரைச் சொல்வதில் தலைசிறந்தது. இந்திரன் சோமம் பருகிவிட்டு வச்சிரத்தால் அவனைப் பிளக்கிறான். அடைபட்ட நீர் கன்றைத் தேடும் பசுக்கள் போலக் கதறிக்கொண்டு கடலை நோக்கி ஓடுகிறது. இறந்த மகன்மேல் தாய் தனு விழுந்து கிடக்கிறாள். பகைவனின் தாய்க்கும் ஓரிடம் தந்த அந்தப் புலவனை வணங்கத் தோன்றுகிறது. இங்கே கடல் எதிரி இல்லை. விடுதலையான நீர் போய்ச் சேரும் இடம்.

விருத்திரன் யார் என்ற கேள்வி பழையது. மேகம் என்பாரும், துவஷ்டாவின் மகனான அசுரன் என்பாரும் இருந்ததை வேதச் சொற்களை விளக்கும் யாஸ்கரின் நிருக்தமே சொல்கிறது. ஜெர்மானிய அறிஞர் ஹில்லெபிராண்ட் இன்னொரு வழியில் போனார்: விருத்திரன் பனிக்காலம், இந்திரன் உடைத்தது உறைந்துபோன ஆற்றுநீர் என்றார். முழுதும் ஏற்க முடியாவிட்டாலும் அவர் கை நீட்டிய திசை சரியென்றே நினைக்கிறேன். நேரடியாக மழையைப் பொழிவிப்பதற்கு ரிக் வேதத்தில் பர்ஜன்யன் என்ற வேறொரு தெய்வம் இருக்கிறான். இந்திரனின் பாடல்களில் திரும்பத் திரும்ப வருபவை மலையும் ஏழு ஆறுகளும். சிந்துவும் அதன் துணையாறுகளும் பனிமலையிலிருந்து இறங்குகிற நிலத்தில், வசந்தத்தில் ஆறு பெருகுமா என்பதுதான் வாழ்வா சாவா என்ற கேள்வி. அங்கே கவலை மலைக்குள் இருக்கிறது. உகாரித்தின் கவலை தொடுவானத்தில் இருந்தது.

வென்ற பிறகு நடப்பதுதான் இரு கதைகளிலும் என்னை அதிகம் கட்டிப்போட்ட பகுதி. விருத்திரனைக் கொன்ற இந்திரன் பயந்து ஓடுகிறான். அதே 32ஆம் பாடல் கேட்கிறது: பழிவாங்க வந்த யாரைக் கண்டு 99 ஆறுகளைத் தாண்டி மிரண்ட பருந்தாக ஓடினாய்? பதில் சொல்லாமல் பாடல் முடிந்துவிடுகிறது. மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில் இந்த ஓட்டம் பெருங்கதையாகிறது. அங்கே இந்திரன் கொலைப்பழிக்கு அஞ்சி ஒரு தாமரைத் தண்டுக்குள் ஒளிந்துகொள்கிறான். மண் வறள்கிறது, காடு காய்கிறது, ஆறுகள் நிற்கின்றன. வெற்றிடமான அரியணையில் நகுஷனை அமர்த்துகிறார்கள். அவன் இந்திராணியைக் கேட்கிறான், முனிவர்களைப் பல்லக்குத் தூக்க வைக்கிறான், அகத்தியரின் சாபத்தால் பாம்பாக விழுகிறான்.

பாகாலோ ஒளியவில்லை, இறந்தே போகிறான். கடலை வென்று, அரண்மனை கட்டி, மேகத்தில் சாளரம் திறந்து முழங்கிய பிறகு, மோத் என்ற மரண தெய்வம் அவனை விழுங்க அழைக்கிறது. எதிர்த்து ஒரு சொல் சொல்லாமல் பாகால் இணங்குகிறான். மேகம், காற்று, மழை எல்லாவற்றையும் உடன் எடுத்துக்கொண்டு கீழே இறங்குகிறான். செய்தி கேட்ட ஏல் அரியணையிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்து தலையில் புழுதியை அள்ளிப் போட்டுக்கொள்கிறான். இங்கும் ஒரு மாற்று அரசன் வருகிறான். விடிவெள்ளியோடு இணைத்துப் பேசப்படும் அத்தார் என்ற தெய்வம் பாகாலின் ஆசனத்தில் ஏறிப் பார்க்கிறது. கால் பாதபீடத்தைத் தொடவில்லை. தலை ஆசனத்தின் உச்சியை எட்டவில்லை. தானாகவே இறங்கி வந்துவிடுகிறது. நகுஷனின் குறை ஆணவம். அத்தாரின் குறை அளவுதான். வானத்து மீன் எவ்வளவு ஒளிர்ந்தாலும் மழைமேகத்தின் இடத்தை நிரப்பாது என்பதை விவசாயம் செய்தவர்கள்தான் இப்படிச் சொல்ல முடியும்.

பாகாலை மீட்பவள் அவன் தங்கை அனத். மோத்தைப் பிடித்து வாளால் பிளந்து, சல்லடையில் சலித்து, நெருப்பில் சுட்டு, திரிகையில் அரைத்து, வயலில் விதைக்கிறாள். மரணத்தைத் தானியத்தைப் போலக் கையாள்கிறாள். பிறகு ஏல் ஒரு கனவு காண்கிறான்: வானம் எண்ணெய் பொழிகிறது, வறண்ட ஓடைகளில் தேன் ஓடுகிறது. பாகால் உயிரோடிருக்கிறான் என்று அதனால் தெரிந்துகொள்கிறான்.

இதை ஆண்டுதோறும் வரும் கோடையின் கதையாகப் பலர் படித்தார்கள். அறிஞர் சைரஸ் கோர்டன் மறுத்தார்: சிரியாவின் கோடை பாழான காலம் அன்று, திராட்சையும் அத்தியும் பழுப்பது அப்போதுதான், அவர்கள் அஞ்சியது மழை பொய்க்கும் ஆண்டுகளை என்றார். காவியத்தில் மோத் மறுபடியும் வருவது ஏழாம் ஆண்டில். உகாரித்தின் இன்னொரு கதையும் ஏழாண்டு வறட்சியைப் பேசுகிறது. கோர்டன் பக்கமே நான் நிற்கிறேன். வழக்கமாக வருகிற கோடைக்கு யாரும் கடவுளைச் சாகடிக்க மாட்டார்கள்.

இருவருக்கும் பின்னாளில் நேர்ந்தது ஒன்றுக்கொன்று தலைகீழானது. கி.மு. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உகாரித் எரிந்து அழிந்தது. பாகால் வழிபாடு கானான் நாட்டில் தொடர்ந்தது. இஸ்ரவேலரின் தீர்க்கதரிசிகள் அதைக் கடுமையாகப் பகைத்தார்கள். முதலாம் இராஜாக்கள் புத்தகத்தில், மழையற்ற மூன்றாம் ஆண்டில், கர்மேல் மலையில் எலியா பாகாலின் 450 தீர்க்கதரிசிகளை எதிர்கொள்கிறார். உங்கள் கடவுள் தூங்குகிறானோ என்று கேலி செய்கிறார். நெருப்பு வானிலிருந்து விழுகிறது. பிறகு கடலிலிருந்து உள்ளங்கை அளவு மேகம் எழும்பிப் பெருமழையாகிறது. மின்னலும் கடல்மேகமும் பாகாலுக்கே உரியவையாக இருந்தவை. சங்கீதங்களில் மேகத்தைத் தேராகக் கொள்பவரும், லிவியாதானின் தலைகளை நசுக்குபவரும் கர்த்தர். உகாரித்தின் ஏழுதலைப் பாம்பும் அதே லிவியாதான்தான். பாகாலின் பெயர் இகழ்ச்சியாயிற்று. அவன் செயல்கள் வேறொரு பெயரில் இன்றுவரை ஓதப்படுகின்றன.

இந்திரனுக்குப் பெயரும் பட்டமும் மிஞ்சின, வேலை போயிற்று. கோவர்த்தனக் கதையில் அவன் பெய்வித்த மழையிலிருந்து கண்ணன் ஆயர்களைக் காக்கிறான். மதுரையில் நிலைமை இன்னும் விந்தையானது. திருவிளையாடல் புராணத்தில் இந்திரன் ஏவிக் கடல் மதுரைமேல் வருகிறது. உக்கிரகுமார பாண்டியன் வேலெறிந்து அதை வற்றச் செய்கிறான். பிறகு பாண்டியன் மேகங்களையே பிடித்துச் சிறையிட, அவற்றை மீட்க வந்த இந்திரனின் முடி பாண்டியன் எறிந்த வளையால் உடைகிறது. மேகச் சிறைக் கதையைச் சிலப்பதிகாரமும் அறியும். நீரைச் சிறைவைத்தவனைக் கொன்று புகழ்பெற்ற தெய்வம், நீரைச் சிறைவைத்த அரசனிடம் தோற்றுப் போகிறது. வேதத்துப் போர் அப்படியே புரட்டி எழுதப்பட்டிருக்கிறது.

சோழர் துறைமுகமான புகாரில் மட்டும் இந்திரன் மதிப்போடு இருந்தான். தொல்காப்பியம் மருதத்துக்கு வேந்தனைத் தெய்வமாக வைக்க, உரைகாரர்கள் அவனை இந்திரன் என்றார்கள். புகாரில் அவனுக்கு 28 நாள் விழா. நாக நாட்டு இளவரசி பீலிவளை பெற்ற மகன் கடலில் தொலைந்த துயரத்தில் நெடுமுடிக்கிள்ளி அந்த விழாவை மறந்தான்; மணிமேகலா தெய்வத்தின் சாபத்தோடு இந்திரன் சாபமும் சேர, கடல் புகுந்து நகரை அழித்தது என்கிறது மணிமேகலை. ரிக் வேதத்தின் இந்திரனுக்குக் கடலோடு பகையும் இல்லை, அதைக் காவல் காக்கும் பொறுப்பும் இல்லை. ஆனால் கல் நங்கூரங்களைக் கோயிலில் வைத்த உகாரித்தின் கடலோடிகள் பாகாலிடம் எதை வேண்டினார்களோ, அதையே காவிரி முகத்துவாரத்து மக்கள் இந்திரனிடம் வேண்டினார்கள். இதற்கு உகாரித்தோடு தொடர்பு தேட வேண்டியதில்லை. புகாரும் கடலை நம்பியும் கடலுக்கு அஞ்சியும் வாழ்ந்த துறைமுகம்.