வழிநடைச் செலவு

பொதியமலையிலிருந்து இறங்கிவரும் தாமிரபரணியும், குற்றாலத்து அருவிநீரைத் திரட்டிக்கொண்டு தென்காசியையும் கங்கைகொண்டானையும் தொட்டு வரும் சிற்றாறும், கயத்தாற்றுப் பக்கத்திலிருந்து வரும் சிறு நதியொன்றும் ஒன்றுகூடுகின்ற இடத்தில் அமைந்தது சீவலப்பேரி. முக்கூடல் என்ற பழம்பெயர் அதற்கு உண்டு. அம்பாசமுத்திரத்துக்கு அருகிலுள்ள முக்கூடல் வேறு. இங்கே எழுந்தருளியுள்ள அழகரையும், இவ்வூர் வயல்களில் பாடுபட்ட உழவர் குடியின் வாழ்வையும் பொருளாகக் கொண்டு எழுந்த முக்கூடற்பள்ளு என்னும் பிரபந்தத்தால், இவ்வூரின் ஏரும் விதையும் எருதும் தமிழுலகம் முழுவதும் அறிந்தவை ஆயின. அந்த உழவர்கள் அறுவடை முடிந்த நாட்களில் கையில் அதிகக் காசில்லாமல் எவ்வாறு நெடுந்தூரம் நடந்தார்கள், அந்நடைக்கு எவ்வாறு தங்களைச் சித்தம் செய்துகொண்டார்கள் என்ற வரலாறுதான் இன்னும் போதிய அளவு எழுதப்படாமல் கிடக்கிறது.

சீவலப்பேரியிலிருந்து திருச்செந்தூர் முப்பது மைலுக்குக் குறையாது. ஆற்றைத் தழுவிச் செல்லும் பழைய பாதையில் மருதூர் அணையையும், ஸ்ரீவைகுண்டத்தையும், ஆழ்வார்திருநகரியையும், தென்திருப்பேரையையும், குரும்பூரையும் கடந்து கடற்கரையை அடைய வேண்டும். இரண்டு நாள் நடை. குழந்தைகளும் முதியோரும் உடன்வந்தால் மூன்று நாள். இந்தச் சிறு யாத்திரைக்கும், இராமேசுவரத்து மணலை எடுத்துக்கொண்டு காசிக்குப் புறப்பட்டவர்களின் பெரும் யாத்திரைக்கும் தூரத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு என்றாலும், ஆயத்தம் செய்யும் முறை ஏறத்தாழ ஒன்றே. காசி இங்கிருந்து 1200 மைலுக்கு மேல். நாளொன்றுக்குப் பன்னிரண்டு மைல் நடப்பவன், ஒரு நாளும் நோயில் படுக்காமல், ஓர் ஆற்றங்கரையிலும் வெள்ளம் வடியக் காத்திராமல் சென்றாலும், போய்ச் சேர நூறு நாள் வேண்டும்.

இத்தகைய நடைக்கு ஏழை செய்த முதல் ஆயத்தம் காலத்தைத் தேர்ந்தெடுத்தல். தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என இரண்டு போகம். பிசான அறுப்பு மாசி பங்குனியில் முடிந்து, கூலி நெல் வீடு வந்து சேர்ந்த பிறகு, தென்மேற்குப் பருவக்காற்றில் ஆறு பெருகிக் காருக்கு உழவு தொடங்கும் வரையில், வயலிலே வேலை குறைவு. குதிரிலே நெல் இருக்கும். ஆற்றிலே நீர் வற்றி முழங்காலளவில் கடக்கலாம். பங்குனி உத்திரமும் வைகாசி விசாகமும் இந்த இடைவெளியிலேதான் வருகின்றன என்பதை நான் வெறும் தற்செயலாகக் கருதுவதில்லை. உழவனுடைய ஓய்வும் தெய்வத்தினுடைய விழாவும் ஒன்றையொன்று அநுசரித்தே இந்த நாட்டில் வளர்ந்திருக்க வேண்டும். மற்றொரு சௌகரியமும் உண்டு. இவ்விழாக்கள் பௌர்ணமியை ஒட்டி வருவன. வெயிலிலே உழன்று நடக்காமல், பகலில் மரநிழலில் படுத்துறங்கி, நிலா எழுந்த பின் நடந்தால், தீவட்டிக்கு எண்ணெய்ச் செலவில்லை, தாகம் குறைவு, வெறுங்காலில் நடப்பவனுக்குத் தரையின் சூடும் இல்லை.

இரண்டாவது ஆயத்தம் காசு. வழியிலே காசு கொடுத்து வாங்க வேண்டியவை சிலவே: ஓடக்கூலி, உப்பு, வெற்றிலை, மொட்டை போடுகிறவருக்குக் கூலி, பூவும் விபூதியும். இவற்றுக்கும் காணிக்கைக்குமான தொகை ஒரே நாளில் சேர்ந்ததன்று. மஞ்சள் துணியில் ஒரு துட்டை முடிந்து சாமி மாடத்தில் வைத்து நேர்ந்துகொண்ட நாள் தொட்டு, வீட்டுப் பெண் தன் சிறுவாட்டிலிருந்து அரையணா, காலணாவாக அதனோடு சேர்த்து வருவாள். அந்த முடிப்பு காணிக்கைக்கே உரியது. பசித்தாலும் அதில் கைவைக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு பக்தியினால் வந்தது என்பது உண்மை. அதே கட்டுப்பாடு, வழிச்செலவுக்கு வேறு ஏற்பாடு செய்தே தீரவேண்டும் என்ற நிர்ப்பந்தத்தை உண்டாக்கி, ஏழையைத் திறமையான சிக்கனக்காரனாக ஆக்கிற்று என்பதும் உண்மை.

அந்தச் சிக்கனத்தின் உச்சத்தை உணவு கட்டுவதிலே காணலாம். புறப்படும் நாளுக்கு முன்னிரவில் புளியைக் கெட்டியாகக் கரைத்து, மிளகாய் வற்றலும் வெந்தயமும் பெருங்காயமும் கூட்டி, நல்லெண்ணெய் பிரிந்து மேலே நிற்கும் வரையில் காய்ச்சி இறக்குவார்கள். சோற்றைக் குழையாமல் வடித்து, பாயிலோ தாம்பாளத்திலோ பரப்பி, ஆவி முற்றும் அடங்கிய பிறகே புளிக்காய்ச்சலை விட்டுப் பிசறுவார்கள். சூட்டோடு கட்டினால் மறுநாளே நூல்விடும் என்பது எல்லாப் பெண்களும் அறிந்தது. வாழையிலையைத் தணலில் வாட்டி, அதிலே சோற்றை வைத்து, வாழைநாரால் இறுகக் கட்டிப் பனையோலைக் கொட்டானில் அடுக்கினால், இரண்டு நாளுக்குக் கவலையில்லை. முதல் வேளைக்கு மட்டும் பாலூற்றி ஒரு கரண்டி தயிர் சேர்த்த சோறு. நடக்க நடக்க அது உறைந்து, நண்பகலில் புளிப்பில்லாத தயிர்ச்சோறாகிவிடும். கட்டுச்சோறு தீர்ந்தபின் அவல். அவலுக்கு அடுப்பு வேண்டாம், விறகு வேண்டாம், பாத்திரமும் வேண்டாம். துணியில் முடிந்து ஆற்றுநீரில் நனைத்து, உடன்குடிக் கருப்பட்டியில் ஒரு துண்டைக் கடித்துக்கொண்டால் ஒரு வேளை கழிந்தது. காசிக்குச் செல்பவர்களோ, வறுத்துத் திரித்த மாவையும், பல்லுக்குக் கடினமாயினும் மாதக்கணக்கில் கெடாத பொருவிளங்காய் உருண்டையையும் எடுத்துச் செல்வார்கள். கெடுவதை முதலிலும் கெடாததைக் கடைசியிலும் உண்ணுவது, சுமை பெரிதாயிருப்பதை முன்னே தீர்ப்பது என்ற இந்த ஒழுங்கு, நெடுவழி நடந்த எத்தனையோ தலைமுறையினரின் அநுபவத்தில் திரண்டது.

எஞ்சிய சாமான் மிகக் கொஞ்சம்: மாற்று வேட்டி அல்லது சேலை, போர்வையாகவும் விரிப்பாகவும் வெயிலுக்கு முக்காடாகவும் உதவும் ஒரு துப்பட்டி, கிணற்றில் நீர் சேந்த நீண்ட கயிற்றோடு ஒரு செம்பு, தண்ணீருக்குச் சுரைக்குடுக்கை, பாதத்தில் தேய்க்க விளக்கெண்ணெய், பாம்புக்கும் நாய்க்கும் ஒரு மூங்கில் தடி. பத்தமடைப் பாய் அருகிலேயே நெய்யப்பட்டாலும் அதனை யாரும் வழியில் சுமந்து செல்லவில்லை. சுமை குறைந்தால் நடை கூடும், நடை கூடினால் நாள் குறையும், நாள் குறைந்தால் செலவு குறையும் என்ற கணக்கை அவர்களுக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ஆயினும் இந்த ஆயத்தங்களெல்லாம் பாதிக் கதைதான். நடப்பவன் இவ்வளவு குறைவாக எடுத்துக்கொண்டு புறப்பட முடிந்ததற்குக் காரணம், அவனுக்கு வேண்டியவற்றில் பெரும்பகுதியை வேறு யாரோ அவன் செல்லும் வழியிலே முன்னமே வைத்திருந்ததுதான். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாள், தென்குமரி நோக்கிச் செல்லும் பாதைகளில் மரம் நட்டும் சத்திரம் கட்டியும் செய்த தர்மத்தை, இன்றும் திருநெல்வேலிச் சீமையில் மங்கம்மாள் சாலை என்று வழங்கும் பாதைகள் நினைவூட்டுகின்றன. அரசியின் பெயர் நிலைத்தது. பெயரில்லாதவர்கள் செய்த தர்மமோ அதனினும் பெரிது. கோடையிலே தண்ணீர்ப்பந்தல் வைத்து மோரும் பானகமும் வார்த்தவர்கள், ஊருணி வெட்டியவர்கள், வழிப்போக்கர் சோற்றுக்கென்று நிலம் எழுதிவைத்தவர்கள் ஒருவரிருவரல்லர். சுமைதாங்கிக் கல்லை எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் என் நெஞ்சம் கனக்கிறது. நட்ட இரண்டு கற்களின் மேல் தோள் உயரத்தில் கிடத்திய ஒரு பலகைக் கல், அவ்வளவே. தலைச்சுமையை இறக்கவும் மீண்டும் ஏற்றிக்கொள்ளவும் பிறர் கை வேண்டாதபடி செய்த உபகாரம் அது. பிள்ளை பெறாமலே கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்ணின் சுமை ஆறட்டும் என்று, அவள் வீட்டார் அதனை நாட்டுவார்கள். ஒரு குடும்பத்தின் ஆற்றொணாத் துயரம், முன்பின் அறியாத வழிப்போக்கனுடைய கழுத்துநோவைத் தீர்க்கும் கல்லாக மாறியதைப் போன்ற ஒரு வழக்கத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

இந்த ஆற்றங்கரையில் பிறந்தவர்களுள் மிகப் பெரிய நடையை மேற்கொண்டவர் ஸ்ரீவைகுண்டத்துக் குமரகுருபர சுவாமிகள். ஐந்து வயது வரையில் பேச்சின்றியிருந்த குழந்தை திருச்செந்தூர்ச் சந்நிதியிலே வாய்திறந்தது என்பது அவர் வரலாறு. பின்னாளில் தருமபுரம் மாசிலாமணி தேசிகரை அடைந்து துறவு வேண்டியபோது, காசிக்குச் சென்று வரும்படி குருநாதர் பணித்தாரென்றும், அவ்வளவு நெடுங்காலம் பிரிந்திருக்க மனமொவ்வாமல் சீடர் வருந்தவே, சிதம்பர வாசம் செய்யுமாறு அதனை மாற்றி அருளினாரென்றும் கூறுவர். காசிக்கு நடந்து மீள்வதென்றால் ஒரு வாழ்நாளின் நல்ல பகுதியையே கொடுப்பது என்பதை இச்செய்தி ஒன்றே புலப்படுத்தும். பிறகு அவர் காசிக்குச் சென்றபோது அங்கே குமாரசாமி மடத்தை நிறுவியதும், 1863ஆம் ஆண்டில் நாட்டுக்கோட்டை நகரத்தார் அதே நகரில் சத்திரம் அமைத்ததும், தெற்கிலிருந்து நடந்து ஓய்ந்து வரும் தமிழனுக்கு அந்தக் கோடியிலே ஒரு திண்ணையும் ஒரு பிடி சோறும் உண்டு என்ற உறுதியை அளித்தன. அந்த உறுதி மடியில் இருக்கும் பணத்தினும் பெரிய முதல்.

ஆனால் இந்தத் தர்மத்தின் வரலாற்றை எழுதும்போது ஒன்றை மறைப்பது பாவமாகும். எல்லாச் சத்திரங்களும் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. பல சத்திரங்களில் சமைத்த உணவு பிராமணர்களுக்கு மட்டுமே. பிறருக்கு அரிசி பருப்பு அளந்து கொடுத்ததோடு சரி. தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கோ திண்ணையும் இல்லை, கிணறும் இல்லை. முக்கூடற்பள்ளிலே நாயகனாக வருபவன் எந்தக் குடியைச் சேர்ந்தவனோ அந்தக் குடியினர், தாம் விளைத்த நெல்லால் நடந்த அன்னதானத்தில் தமக்கு இடமில்லாமல், புளியமரத்தடியில் தங்கி, ஆற்றுநீரைக் குடித்து, கோயிலின் வெளியே நின்று கோபுரத்தைத் தொழுது திரும்பினார்கள். 1939ஆம் ஆண்டில் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்த பிறகே அந்த வாயில்கள் சட்டப்படி திறக்கலாயின. கட்டுச்சோறு கட்டுவதிலும் அவல் சுமப்பதிலும் மிகுந்த கவனம் செலுத்தியவர்கள் அவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஏனென்றால் வழி அவர்களுக்கு மட்டும் எதையும் வைத்திருக்கவில்லை.

வழியை நம்பாமல் மக்களை நம்பி நடந்தவர்களும் உண்டு. 1841ஆம் ஆண்டில் கால்டுவெல் ஐயர் சென்னையிலிருந்து புறப்பட்டு, சோழநாட்டு ஊர்களையும் நீலகிரியையும் மதுரையையும் கண்டு, இடையன்குடி வரையில் நடந்தே வந்து சேர்ந்தார். மக்களுடைய பேச்சையும் பழக்கத்தையும் நேரில் அறிதற்கு நடையே தக்க வழியென்று அவர் கருதினார். பின்னாளில் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதியவருக்கு அந்த நடை எவ்வளவு உதவியிருக்கும் என்பதை நினைத்துப் பார்க்கலாம். சீவலப்பேரிக்கு அண்மையிலுள்ள இராஜவல்லிபுரத்தில் பிறந்த ரா. பி. சேதுப்பிள்ளை அவருடைய சரித்திரத்தை எழுதினார்.

வழி எந்த அளவுக்கு நடப்பவனைத் தாங்கும் என்பதற்கு 20ஆம் நூற்றாண்டில் கிடைத்த பெருஞ்சான்று, திருநெல்வேலிக்கு வெளியே, காவிரிக் கரையிலே நிகழ்ந்தது. 1930ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் ராஜாஜியின் தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு உப்பெடுக்க நடந்தார்கள். நூற்றைம்பது மைல் வழி. அவர்களுக்கு உணவும் இடமும் அளிப்போர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சைக் கலெக்டர் தார்ன் கட்டளையிட்டபோது, ஊரார் சாலையோர மரக்கிளைகளிலே சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள். மங்கம்மாள் நட்டதாகவே இருந்தாலும் ஒரு மரம் இதைவிடப் பெரிய சத்திரமாக இருந்ததில்லை.

திருநெல்வேலிக்குப் புகைவண்டி வந்ததும், 1923ஆம் ஆண்டில் திருச்செந்தூர் வரையில் இருப்புப்பாதை திறக்கப்பட்டதும், வேண்டி நடப்பவர்களைத் தவிர மற்றவர்களை வழியிலிருந்து அகற்றின. நடப்பவர் குறையவே சத்திரங்கள் பாழடைந்தன. சில பள்ளிக்கூடங்களாயின, சில வேறு அலுவலகங்களாயின, பலவற்றின் நிலங்கள் கைமாறின. ஆயினும் திருச்செந்தூர் நடை நிற்கவில்லை. தைப்பூசத்துக்கும் விசாகத்துக்கும் பச்சையும் மஞ்சளும் உடுத்திக் கூட்டங்கூட்டமாக மக்கள் இன்றும் நடக்கிறார்கள். குருசாமி ஒருவர் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று முன்னதாகவே வசூலித்து, அரிசியும் பாத்திரமும் ஏற்றிய வண்டியை முன்னே அனுப்பிவிடுகிறார். வழியிலுள்ள ஊரார் பந்தலிட்டு மோரும் சோறும் தருகிறார்கள். அந்தப் பந்தலில் உட்காருகிறவனை எந்தத் தெருக்காரன் என்று கேட்பார் இல்லை. மங்கம்மாளின் சத்திரங்களும் செய்யாத காரியம் அது.