குண்டு துளைச்சாலும் ரேடார் நிற்கக் கூடாது... போர்க்கப்பலின் ‘வேவ்கைடு’ குழாய்க்குள் என்ன நடக்குது?

போர்க்கப்பல் ரேடார் என்றதும் உச்சியில் சுற்றும் ஆன்டெனாதான் நம் நினைவுக்கு வரும். ஆனால் பல ரேடார்களில் அந்த ஆன்டெனாவுக்கு மைக்ரோவேவ் சக்தியைக் கொண்டு சேர்ப்பது, டிரான்ஸ்மிட்டர் அறையிலிருந்து கம்பத்தின் வழியாக மேலே ஏறும் ஓர் உலோகக் குழாய். அதற்குப் பெயர் வேவ்கைடு. தமிழில் அலைவழிகாட்டி எனலாம். கீழே டிரான்ஸ்மிட்டர் நல்லா இருக்கு, மேலே ஆன்டெனாவும் நல்லா இருக்கு, நடுவில் இந்தக் குழாய் மட்டும் அடிபட்டால்? ரேடார் அவ்வளவுதான்.

ரேடார் போனால் என்ன ஆகும்?

1943 டிசம்பர் 26. நார்வேக்கு வடக்கே, பகலிலும் இருட்டாக இருக்கும் துருவக் குளிர்காலம், பனிப்புயல் வேறு. ஜெர்மனியின் ஷார்ன்ஹோர்ஸ்ட் கப்பலைக் காலையிலேயே பிரிட்டனின் ‘நார்ஃபோக்’ கப்பலின் குண்டுகள் தாக்கின. அதில் முன்பக்க ரேடாரின் ஆன்டெனா நாசமானது. பின்பக்கம் இன்னொரு ரேடார் இருந்தது. ஆனால் அதற்கு முன்திசை மறைந்திருந்தது. மாலையில் ‘டியூக் ஆஃப் யார்க்’ நெருங்கி வந்து வெளிச்சக் குண்டு வீசியபோது, ஷார்ன்ஹோர்ஸ்டின் பீரங்கிகள் எதிரியை நோக்கித் திரும்பக்கூட இல்லை. கப்பலில் இருந்த சுமார் 1,970 பேரில் உயிர் பிழைத்தவர்கள் 36 பேர். தோல்விக்கு ரேடார் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் ‘ஓர் அடியில் மொத்தமும் போகக் கூடாது’ என்று இன்ஜினீயர்கள் பிடிவாதமாக இருப்பது ஏன் என்பதற்கு இந்த ஒரு சம்பவம் போதும்.

கேபிள் போட்டால் ஆகாதா?

அதிக அதிர்வெண்ணில் பெரிய சக்தியை அனுப்பினால் சாதாரண கேபிளில் பாதி வழியிலேயே நிறைய வீணாகும், கேபிளும் சூடாகும். அதனால்தான் உள்ளே வெற்றாக இருக்கும் செவ்வகக் குழாய். 10 செ.மீ. அலைநீள ரேடாருக்கு அதன் உள் அளவு சுமார் 72 மி.மீ. அகலம், 34 மி.மீ. உயரம். 3 செ.மீ. ரேடாருக்கு 23 மி.மீ., 10 மி.மீ. இந்த அளவு ரொம்ப முக்கியம். அகலம் ஓர் எல்லைக்குக் கீழே சுருங்கினால் அலை உள்ளேயே நுழையாது.

சரி, ஓட்டை விழுந்தால்?

‘தண்ணிக் குழாய் மாதிரி எல்லாம் வெளியே ஒழுகிடும்’ என்று தோன்றும். அப்படி இல்லை. உங்க வீட்டு மைக்ரோவேவ் அவன் கதவைப் பாருங்க. சின்னச் சின்ன ஓட்டை போட்ட உலோக வலை இருக்கும். உள்ளே இருக்கும் அலையின் நீளம் சுமார் 12 செ.மீ. ஓட்டை அதைவிட மிகச் சிறியது என்பதால் அலை வெளியே வராது. அதேபோல 10 செ.மீ. ரேடாரின் குழாயில் தோட்டா அளவுக்கு ஓட்டை விழுந்தால், அதன் வழியே கசியும் சக்தி கொஞ்சம்தான்.

சிக்கல் ஓட்டையில் இல்லை, ஓட்டையின் விளிம்பில். தோட்டா துளைக்கும்போது உலோகம் கிழிந்து உள்பக்கமாக முள் மாதிரி மடங்கும். அதே மைக்ரோவேவ் அவனில் அலுமினிய ஃபாயிலை வைத்தால் அதன் கூர்முனையில் தீப்பொறி பறக்குமே, அதேதான் இங்கேயும். வீட்டில் சுமார் ஆயிரம் வாட். ரேடார் துடிப்பிலோ லட்சக்கணக்கான வாட் வரை போகும்.

இன்னொன்று காற்று. தீப்பொறி வராமல் இருக்கப் பல வேவ்கைடுகளில் உலர்ந்த காற்றையோ நைட்ரஜனையோ அழுத்தத்தில் அடைத்து வைப்பார்கள். ஓட்டை விழுந்தால் அது போய், கடலின் ஈரக்காற்று உள்ளே வரும். அப்புறம் தீப்பொறி கிளம்புவது சுலபம். கிளம்பிய பொறி நின்ற இடத்திலும் நிற்காது. சக்தி வரும் திசையை நோக்கி, அதாவது டிரான்ஸ்மிட்டரை நோக்கியே நகரும். குழாய் நசுங்கினாலும் இதே கதைதான்: அலை எதிரொலித்துத் திரும்பி, அனுப்பிய கருவியையே தாக்கும்.

தப்பிக்க என்ன வழி?

முதல் வேலை, டிரான்ஸ்மிட்டரைக் காப்பாற்றுவது. குழாய்க்குள் ஒளி உணரி வைத்து, தீப்பொறி தெரிந்த நொடியே சக்தியை வெட்டுகிறார்கள். திரும்பி வரும் அலையைத் தனியாகத் திருப்பி வெப்பமாக்கிவிடும் பாகமும் உண்டு. நடுநடுவே அலையை விட்டு, காற்றை மட்டும் தடுக்கும் ‘ஜன்னல்’ வைத்தால், ஒரு பகுதியில் ஓட்டை விழுந்தாலும் அடுத்த பகுதியின் அழுத்தம் இறங்காது. வெடிப்பின் அதிர்ச்சியில் கப்பல் குலுங்கும்போது இணைப்புகள் பிய்ந்துவிடாமல் இருக்க, வளையும் வேவ்கைடு துண்டுகளைச் சேர்ப்பார்கள். மாற்றுப் பாதை வைத்தால் அதைக் கப்பலின் வேறு பக்கமாகக் கொண்டுபோக வேண்டும். இரண்டு குழாயும் பக்கத்துப் பக்கத்தில் போனால் ஒரே குண்டு இரண்டையும் முடித்துவிடும்.

எனக்குப் பிடித்த தீர்வு இதைவிட எளிமையானது: சக்தியைக் குறைத்து ஓட்டுவது. ரேடார் பார்க்கும் தூரம் சக்தியின் நான்காம் மூலத்தைப் பொறுத்தது. அதனால் சக்தியைப் பாதியாக்கினால் தூரம் பாதியாகாது. 100 கி.மீ. என்பது 84 கி.மீ. ஆகும். பத்தில் ஒரு பங்காகக் குறைத்தாலும் 56 கி.மீ. வரை தெரியும். குறைந்த சக்தியில் தீப்பொறி வராது என்றால், அடிபட்ட குழாயை வைத்தே சமாளிக்கலாம்.

குழாயே வேண்டாம் என்றால்?

புதிய ஏஇஎஸ்ஏ ரேடார்கள் அந்த வழியில்தான் போகின்றன. ஆயிரக்கணக்கான சிறு டிரான்ஸ்மிட்டர்கள் ஆன்டெனா பலகையிலேயே இருப்பதால் நீளமான வேவ்கைடு தேவையில்லை. அவற்றில் 10 சதவீதம் செத்தாலும் பார்க்கும் தூரம் சுமார் 8 சதவீதம்தான் குறையும். இந்தியாவின் ஐஎன்எஸ் கொல்கத்தாவில் உள்ள எம்எஃப்-ஸ்டார் இந்த வகை.

ஆனால் இதற்கும் மின்சாரம் வேண்டும், குளிரூட்டும் நீர் வேண்டும். 1991 பிப்ரவரி 18 அன்று பாரசீக வளைகுடாவில் அமெரிக்காவின் ‘பிரின்ஸ்டன்’ கப்பலைக் கண்ணிவெடிகள் உலுக்கின. கப்பலின் மேற்கட்டுமானமே விரிசல் விட்டும், ஏஜிஸ் போர் அமைப்பைச் சுமார் 15 நிமிடத்தில் மீண்டும் இயக்கிவிட்டார்கள். அதே கப்பலில் குளிர்நீர்க் குழாய் உடைந்து, மின் சுவிட்ச்போர்டு அறைக்குள் தண்ணீர் புகுந்தது. அதனால் வேவ்கைடுக்குச் சொன்ன அதே விதி, தண்ணீர்க் குழாய்க்கும் மின் கேபிளுக்கும் பொருந்தும்: ஒன்று இடது பக்கம் போனால், இன்னொன்று வலது பக்கம்.