தாவளமும் சாவடியும்: ‘அய்யப்பனும் கோஷியும்’ ஏன் ஈர்க்கிறது?

கோயம்புத்தூரிலிருந்து மேற்கே செல்லும் சாலைகளுள் ஒன்று வேலந்தாவளத்தில் கேரளத்துக்குள் நுழைகிறது. பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தைச் சேர்ந்த இவ்வூரை வெளியூரார் பலர் ஒரு சோதனைச்சாவடியின் பெயராகவே அறிவர். கோபாலபுரம், கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் ஆகியவற்றின் நிலையும் இதுவே. ஊர்ப்பெயரின் பிற்பகுதி கவனிக்கத்தக்கது. ‘தாவளம்’ என்றால் தங்குமிடம். மலையாளத்தில் அச்சொல் படைமுகாமையும் குறிக்கும். விமான நிலையம் அங்கே ‘விமானத்தாவளம்’. ‘சாவடி’யும் வழிப்போக்கர் தங்கிச் செல்லும் பொதுவிடத்துக்கான சொல்லாக இருந்ததுதான். இளைப்பாறும் இடத்தைச் சுட்டிய இரண்டு சொற்கள், நிறுத்தி விசாரிக்கும் ஓரிடத்தில் இன்று சேர்ந்து நிற்கின்றன. இடையில் வந்து புகுந்தது எல்லை.

இதே மாவட்டத்தின் வடகிழக்கே, அட்டப்பாடியிலும் தாவளம் என்றோர் ஊர் உண்டு. அந்த அட்டப்பாடியில், ஓர் இரவு நேர வாகனச் சோதனையில்தான் சச்சி எழுதி இயக்கிய ‘அய்யப்பனும் கோஷியும்’ என்னும் மலையாளப் படம் (பிப்ரவரி 2020) தொடங்குகிறது. இடுக்கி மாவட்டம் கட்டப்பனையைச் சேர்ந்த முன்னாள் இராணுவ ஹவில்தார் கோஷி குரியன், ஊட்டிக்குப் போகும் வழியில் மதுப்புட்டிகளுடன் பிடிபடுகிறான். மதுவிலக்குப் பகுதி என்பதால் அது குற்றம். கைகலப்பு, கைது, காவல் நிலையம். அவனுடைய கைப்பேசியில் உள்ள பெரிய மனிதர்களின் எண்களைக் கண்ட பிறகு நிலையத்தின் தொனி மாறுகிறது. குடிக்கு அடிமையான அவனுக்குக் கைப்பற்றிய புட்டியிலிருந்தே மது ஊற்றிக் கொடுக்கப்படுகிறது. அக்காட்சியை அவன் பதிவு செய்துகொள்கிறான். பதிவு வெளியாகிறது, துணை ஆய்வாளர் அய்யப்பன் நாயர் பணியிடைநீக்கம் செய்யப்படுகிறார். எஞ்சிய படம் முழுவதும் இருவருக்கிடையிலான பகை.

விமர்சகர் சிலர் இதனை ‘நவீன வெஸ்டர்ன்’ என்றனர். தமிழில் அந்த வகைமைக்கு ஒரு பழைய முன்வரலாறு உண்டு. எம். கர்ணன் இயக்கத்தில் ஜெய்சங்கர் நடித்த ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ (இரண்டும் 1972), ‘எங்க பாட்டன் சொத்து’ (1975) ஆகியவற்றில் தொப்பியும் துப்பாக்கியும் குதிரையும் அப்படியே வந்திறங்கின. இத்தாலியில் செர்ஜியோ லியோனி தொடங்கிவைத்த அலை உலகெங்கும் பரவிய காலம் அது. 2010இல் சிம்புதேவன் எடுத்த ‘இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்’ அந்த உடைகளைக் கேலிக்குரிய பொருளாக்கியது. கார்த்திக் சுப்புராஜின் ‘ஜிகர்தண்டா டபுள் எக்ஸ்’ (2023) அதிலிருந்து நகர்ந்து, காட்டையும் யானை வேட்டையையும் அரசதிகாரத்தையும் கதைக்குள் கொண்டுவந்தது. ஆனால் அங்கும் கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் நிழல் வேண்டியிருந்தது. சச்சியின் படத்தில் குதிரை இல்லை, தொப்பி இல்லை. ஜீப்பும் காக்கிச் சட்டையும் சாலையும் இருக்கின்றன. இருந்தும் பார்ப்பவர் எவரும் இதன் இனத்தை உடனே கண்டுகொள்கின்றனர்.

சங்க இலக்கியத்தில் கௌபாய்களைத் தேடுவது எளிய வேலை. வெட்சித் திணையின் ஆநிரை கவர்தலையும் பாலை நிலத்து ஆறலை கள்வரையும் காட்டி, எல்லாம் நம்மிடம் ஏற்கெனவே இருந்ததாகச் சொல்லிவிடலாம். அத்தகைய ஒப்பீடு இப்படத்தை விளக்காது. இதன் ஈர்ப்புக்குக் காரணம் மிக அண்மைய வரலாற்றில் இருக்கிறது.

அமெரிக்க வெஸ்டர்ன் படங்களின் எல்லைப்புறத்தில் சட்டம் இன்னும் வந்து சேர்ந்திருக்காது. நீதிமன்றம் தொலைவில், ஷெரிஃப் தனியாள். பாலக்காட்டு எல்லையின் சிக்கல் இதற்கு நேர்மாறானது. இங்கே சட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கின்றன. 1956 வரை பாலக்காடு சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. அருகிலிருந்த சித்தூரோ கொச்சி அரசின் பகுதி. சென்னை மாகாணத்தில் 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. தமிழ்நாடு 1971இல் அதைத் தளர்த்தி, 1974இல் மீண்டும் இறுக்கியது. 1987 முதல் அங்கே கள் விற்கத் தடை. கேரளத்தில் கள்ளுக்கடை சட்டப்படி நடக்கிறது. அம்மாநிலத்துக்கான கள்ளின் பெரும்பகுதி சித்தூர்த் தென்னந்தோப்புகளிலிருந்தே போகிறது. மறுபுறம் 1996இல் கேரளம் சாராயத்தைத் தடை செய்தது. அட்டப்பாடியில் பழங்குடிப் பெண்களின் போராட்டத்துக்குப் பின் மதுவே விலக்கப்பட்டது. ஆக ஒரே புட்டி ஒரு சாலையில் சரக்கு, அடுத்த சாலையில் குற்றம், மூன்றாவது சாலையில் வரி செலுத்தவேண்டிய பொருள். புட்டி மாறவில்லை, அது நிற்கும் இடம் மாறியது.

கோஷிக்கு இது புரிவதில்லை. தான் குற்றம் செய்ததாகவே அவன் கருதுவதில்லை. பின்னர் அதே சட்டத்தைக் கையிலெடுத்துக் காவலரையே வீழ்த்தும்போது, அதன் நுணுக்கங்களை அவன் எவ்வளவு விரைவாகக் கற்றுக்கொண்டான் என்பது தெரிகிறது. இப்படத்தில் துப்பாக்கியைவிட ஆபத்தானவை முதல் தகவல் அறிக்கை, முத்திரை உடைந்த புட்டி, ஒரு கைப்பேசிப் பதிவு ஆகியவை. அரசு அலுவலகத்தின் படியேறிய எவருக்கும் இந்த ஆயுதங்கள் பழக்கமானவை. பார்வையாளரைப் பிடித்து நிறுத்துவதில் சண்டைக் காட்சிகளைவிட இவற்றுக்கே பங்கு அதிகம் என்று தோன்றுகிறது.

அடுத்தது நிலம். கோஷியின் ஊர் கட்டப்பனையாக இருப்பதைத் திரைக்கதையின் தற்செயலாகக் கடந்துவிட முடியாது. கட்டப்பனை ஒரு குடியேற்ற நகரம். இரண்டாம் உலகப் போர்க்கால உணவுத் தட்டுப்பாட்டின்போது திருவிதாங்கூர் அரசு வனநிலத்தை வேளாண்மைக்குத் திறந்துவிட்டது. 1950களின் நடுப்பகுதியில், தேவிகுளமும் பீர்மேடும் தமிழர் பெரும்பான்மைப் பகுதிகள் என்ற கோரிக்கை வலுத்திருந்த வேளையில், அரசே மலையாளக் குடும்பங்களை உயர்மலைப் பகுதியில் குடியமர்த்தியது. மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955இல் அவ்வட்டங்களைக் கேரளத்துக்கே பரிந்துரைத்தது. 1961இல் அய்யப்பன்கோவில் பகுதியிலிருந்து குடியேறிகளை அரசு வெளியேற்றியபோது, அவர்களுக்காக அமராவதியில் ஏ. கே. கோபாலன் உண்ணாநோன்பு இருந்தார். காட்டை வெட்டிக் காப்பியும் ஏலமும் மிளகும் நட்ட அந்தத் தலைமுறையைப் பற்றிக் கேரளத்தில் ஒரு வீரக்கதையே உண்டு: மலேரியா, காட்டுயானை, கடன், சிலுவை, கடைசியில் வெற்றி. அமெரிக்க வெஸ்டர்ன் எந்த மண்ணில் விளைந்ததோ அதே மண் இது.

ஏறத்தாழ அதே பத்தாண்டுகளில் திருவிதாங்கூரிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் அட்டப்பாடிக்கும் மக்கள் வந்தனர். 1951இல் அங்கே பத்தில் ஒன்பது பேர் இருளர், முடுகர், குறும்பர் ஆகிய பழங்குடியினர். 2001 கணக்கெடுப்பில் அவர்கள் பாதிக்கும் குறைவு. பறிபோன பழங்குடி நிலத்தை மீட்டுத் தரக் கேரளம் 1975இல் சட்டம் இயற்றியது. அதற்கான விதிகள் வர 1986 ஆயிற்று. இடையில் கடந்த பதினோராண்டுகள் யாருக்குப் பயன்பட்டன என்பதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்விரு வரலாறுகளையும் ஒரே சாலையில் மோதவிட்டதே சச்சியின் சாதனை. குடியேற்றக் கதையின் நாயகனாக இருந்திருக்க வேண்டிய கோஷி, பழங்குடி நிலத்தின் விளிம்பில் சோதனைக்காக நிறுத்தப்படுகிறான். ‘இங்கே உன் பெயர் செல்லாது’ என்று முதன்முறையாக ஒருவர் அவனிடம் உணர்த்துகிறார். டெய்லர் ஷெரிடன் எழுத்தில் டேவிட் மெக்கென்சி இயக்கிய ‘ஹெல் ஆர் ஹை வாட்டர்’ (2016) இங்கே நினைவுக்கு வரும். டெக்சஸில் வங்கிக் கடனால் பண்ணையை இழக்கவிருக்கும் சகோதரர் இருவர், அதே வங்கியின் கிளைகளைக் கொள்ளையடிக்கின்றனர். அவர்களைத் துரத்தும் அதிகாரிகளுள் ஒருவர் கொமாஞ்சி மரபினர். இந்நிலம் முதலில் தம் முன்னோரிடமிருந்து பறிக்கப்பட்டது, பறித்தவர்களின் பேரர்களிடமிருந்து இப்போது வங்கி பறிக்கிறது என்று அவர் ஓரிடத்தில் சொல்கிறார். ஒரு நிமிடத்தில் அந்த வகைமையின் அடிமண் கிளறப்பட்டுவிடுகிறது. சச்சியின் படத்தில் அப்பணியைச் செய்பவை இரண்டு: அய்யப்பனின் மனைவி கண்ணம்மாவின் சொற்கள், நஞ்சியம்மாவின் குரல்.

நஞ்சியம்மா அட்டப்பாடியின் இருளர் சமூகத்தைச் சேர்ந்தவர். ஜேக்ஸ் பிஜோயின் இசையில் அவர் பாடிய பாடல் இருள மொழியில் அமைந்தது. கமில் சுவெலபில் 1970களில் தனி நூலாக ஆராய்ந்த அம்மொழி, தென்திராவிடக் கிளையில் தமிழுக்கு மிக நெருங்கியது. ஆகவே வேலந்தாவளத்துத் தமிழர் அப்பாடலைக் கேட்கும்போது ஒரு விந்தை நேர்கிறது: பாதி புரிகிறது, பாதி நழுவுகிறது. மலையாளப் பார்வையாளர்க்கும் அவ்வாறே. இரு மாநில மொழிகளும் எல்லை வகுத்துக்கொண்டு நிற்க, அவ்வெல்லைக்கு முந்தைய ஒரு மொழி நடுவில் ஒலிக்கிறது. படத்தில் அதற்கு வசன உரையோ விளக்கமோ தராமல் விட்டது நல்ல முடிவு.

அய்யப்பனின் கடந்தகாலத்தைச் சொல்லும் பகுதி பலரும் எடுத்துப் பேசுவது. பாலக்காட்டுக்கு அருகிலுள்ள முண்டூரில், இளமையில் கொலைவரை சென்ற ஒருவரை அடக்கி வைப்பதற்கே சீருடை அணிவிக்கப்பட்டது என்று மேலதிகாரி கோஷியிடம் விவரிக்கிறார். சீருடை கழன்றதும் என்ன நிகழும் என்ற அச்சம் அதன்பின் படத்தை இழுத்துச் செல்கிறது. சட்டத்தைக் காப்பதற்கான உடை என்று நாம் நினைத்திருந்தது, ஒருவரைக் கட்டிவைத்த கயிறு. ஆனால் இங்கேதான் படத்தின் பலவீனமும் தொடங்குகிறது. இரு ஆண்களின் மோதல் வலுப்பெறப் பெற, நிலம் பின்னணிக் காட்சியாகத் தேய்கிறது. கண்ணம்மா நீங்கலாக, பழங்குடியினர் கூட்டத்தின் முகங்களாகவே நிற்கின்றனர். கடைசிச் சண்டையைச் சந்தையில் வைத்ததால் ஊரார் வேடிக்கை பார்ப்போராகிவிடுகின்றனர். தெலுங்கு மறுஆக்கம் இந்தச் சரிவை முழுமையாக்கியது. 2022இல் ‘பீம்லா நாயக்’ என்ற பெயரில் அது வந்தபோது தலைப்பிலிருந்தே இரண்டாமவர் காணாமற்போனார். ‘உம்’ என்ற இடைச்சொல் இருமுறை வந்து இருவரையும் சமமாக நிறுத்திய மூலத் தலைப்பின் நியாயம் அதோடு போயிற்று. ‘அய்யப்பன்–கோஷி’ என்று வைத்திருந்தாலும் அந்தச் சமநிலை கிடைத்திராது.

சச்சி 2020 ஜூன் மாதம் காலமானார். 68ஆவது தேசியத் திரைப்பட விருதுகள் 2022 ஜூலையில் அறிவிக்கப்பட்டபோது சிறந்த இயக்குநர் விருது அவருக்கும், துணை நடிகர் விருது அய்யப்பனாக நடித்த பிஜு மேனனுக்கும், பின்னணிப் பாடகி விருது நஞ்சியம்மாவுக்கும் கிடைத்தன. முறையாக இசை பயிலாதவருக்கு இவ்விருதா என்று சிலர் கேட்டனர். சில வாரங்களில் அப்பேச்சு அடங்கியது. அட்டப்பாடியில் கைமாறிப்போன தம் குடும்பத்து நிலத்தை மீட்க நஞ்சியம்மா போராடிவரும் செய்தியும் அதே காலத்தில் வெளிவந்தது.