ஹட்டனும் 1947ஆம் ஆண்டுத் தேர்தலும்: தோட்டக் கமிட்டிகள் பற்றி ஒரு குறிப்பு

1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களைப் பெற்றது. தலைவர்களின் ஆளுமையே இவ்வெற்றிக்குக் காரணமெனக் கூறுவோர் உளர். அது லயங்களில் நிகழ்ந்த வேலையை மறைக்கும் கூற்றாகும்.

தோட்டம் துரைமாரின் ஆட்சிக்குட்பட்டது. வெளியார் நுழைவது அத்துமீறற் குற்றம். கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் லயங்களுக்குச் சென்றமை இதனாலேயே. 1931இல் அவர் ஹட்டனைத் தளமாகக் கொண்டு தொழிற்சங்கமொன்றை நிறுவினார். எழுத்தறியாத மக்களிடம் துண்டுப்பிரசுரம் செய்யவியலாத வேலையை, கூட்டங்களில் அவர் துணைவியார் மீனாட்சியம்மை பாடிய பாட்டுகள் செய்தன. (இப்பங்களிப்பு நமது வரலாற்றெழுத்தில் இன்னும் உரிய இடம் பெறவில்லை.) 1936இல் ஹட்டன் தொகுதி நடேசய்யரை அரசாங்க சபைக்கு அனுப்பியது. எனினும் அவரது சங்கம் பெரிதும் ஒரு தனிமனிதரைச் சுற்றியே இயங்கிற்று.

1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டப் போராட்டத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். அவ்வாண்டு உருவான காங்கிரஸ் தொழிற்சங்கம் தோட்டக் கமிட்டிகளை அடித்தளமாகக் கொண்டது. காங்கிரஸின் மேல்மட்டத்தில் வணிகரும் உடைமையாளரும் இருந்தனர். தொண்டமான் தோட்ட உரிமையாளரே. ஆயின் அன்றாடம் சந்தா சேர்த்ததும், முறைப்பாடுகளைத் துரையிடம் கொண்டுசென்றதும் தோட்டத்துக் கமிட்டிகளே. தேர்தலில் வாக்குகளைத் திரட்டியதும் இதே வலைப்பின்னல்தான். வேறு பல தொகுதிகளில் தோட்ட வாக்குகள் இடதுசாரி வேட்பாளருக்குத் துணைநின்றன.

ஆளும் வர்க்கம் இதன் பொருளை விரைவில் உணர்ந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தற் சட்டத் திருத்தமும் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பான்மையோரை வாக்காளர் இடாப்பிலிருந்து அகற்றின. 1952இல் காங்கிரஸுக்கு ஓர் ஆசனமும் கிடைக்கவில்லை. அவ்வாண்டு அது கொழும்பில் சத்தியாக்கிரகம் நடத்தியது. வாக்குப் பறிபோன லயங்களில் சங்கச் சந்தா தொடர்ந்து சேர்க்கப்பட்டது.